நடுக்கத்துக்கு முந்தைய ஆண்டுகள்

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சரக்கின் தரத்தை மூக்கால் சொல்கிறவர்கள் உண்டு. சுக்கு சரியாகக் காய்ந்ததா, மிளகு மூட்டைக்குள் ஈரம் ஏறிவிட்டதா, ஏலக்காய் பழையதா புதியதா என்பதை ஒரு கை அள்ளி முகர்ந்ததுமே சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஒருவருக்கு ஐம்பது வயதுக்குமேல் வாசனை மங்கினால் சளி என்பார், இல்லையென்றால் வயதாகிறது என்பார். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஒரு சிலருக்கு மட்டும், பல ஆண்டுகள் கழித்து வரப்போகும் கைநடுக்கத்தின் முதல் தடயமாக அது அமைந்துவிடுகிறது. பார்க்கின்சன் நோய் தொடங்கும் நாளும் அது வெளியே தெரியும் நாளும் ஒன்றல்ல என்பதே கடந்த கால் நூற்றாண்டு ஆய்வுகள் தந்திருக்கும் பெரிய செய்தி.

பார்க்கின்சன், ஆல்சைமர், மோட்டார் நியூரான் நோய் ஆகிய நரம்புச் சிதைவு நோய்கள் எல்லாவற்றையும் பற்றி இன்று மூன்று கேள்விகள் கேட்கலாம். நோய் எங்கே, எப்போது தொடங்குகிறது? அதை நிறுத்த முடியுமா? கிடைத்திருக்கும் அறிவை வைத்துக்கொண்டு நம் ஊர்கள் என்ன செய்ய வேண்டும்? மூன்றாவது கேள்வியைக் கொச்சியில் நின்று கேட்பது பொருத்தம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 12.6 விழுக்காடு, இந்திய மாநிலங்களில் இதுவே மிக அதிகம். 2036-இல் இது ஏறத்தாழ 23 விழுக்காட்டைத் தொடும் என்கிறது அரசின் கணிப்பு. தமிழ்நாடும் அதே பாதையில் சற்றுப் பின்னால் வந்துகொண்டிருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நோயைக் கண்டறிவதில் ஆய்வு பாய்ந்திருக்கிறது. தடுத்து நிறுத்துவதில் இன்னும் தவழ்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் இன்று வாழ்கிறார்கள். அந்த இடைவெளியைச் சரியாகப் புரிந்துகொள்ளாத ஊரில் ஆய்வகத்தின் வெற்றி வெறும் செய்தியாக வந்து போகும்.

மூளைக்கு வெளியே தொடங்கும் நோய்

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்த நோயைப் பற்றி எழுதியபோது அவர் கையில் இருந்தவை ஆறே ஆறு பேரின் விவரங்கள். அவர்களில் சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி. நடுக்கம், குனிந்த உடல், நடக்கும்போது தானாக ஓட்டமாக மாறும் நடை என்று கண்ணுக்குத் தெரிந்ததை அவர் பதிவு செய்தார். மூளையின் அடிப்பகுதியில் டோபமினைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதே காரணம் என்பது தெரிய இன்னும் ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. உடல் அசைவில் கோளாறு தெரியவரும்போது அந்த நரம்பணுக்களில் ஏறத்தாழப் பாதி ஏற்கெனவே போயிருக்கும்.

1912-இல் பிரெடரிக் லூயி நோயாளிகளின் மூளை நரம்பணுக்களுக்குள் உருண்டையான படிவுகளைக் கண்டார். அவை எதனால் ஆனவை என்பது 1997-இல் தெரிந்தது. ஆல்பா சைனுக்ளின் என்ற புரதத்துக்கான மரபணுவில் ஏற்பட்ட பிழை ஓர் இத்தாலியக் குடும்பத்தில் பார்க்கின்சன் நோயை உண்டாக்குவது அந்த ஆண்டு வெளியானது. அதே ஆண்டில், லூயி கண்ட படிவுகளின் முக்கியப் பொருளும் அதே புரதம்தான் என்பது உறுதியானது. அரிய பரம்பரை நோயும் பரவலாகக் காணப்படும் நோயும் ஒரே புரதத்தில் வந்து சந்தித்தன.

இந்தப் புரதம் எல்லோருடைய மூளையிலும் இருப்பது. சரியாக மடிந்திருக்கும்வரை தொந்தரவு இல்லை. தவறாக மடிந்த ஒன்று பக்கத்தில் இருப்பவற்றையும் தன்னைப்போல மடித்துவிடுகிறது. பாலில் விட்ட ஒரு சொட்டு உறைமோர் பாத்திரம் முழுவதையும் தயிராக்குவது போல. ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஹைக்கோ பிராக் 2003-இல் ஆறு கட்டங்கள் கொண்ட ஒரு வரைபடத்தை முன்வைத்தார். இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து, படிவுகள் முதலில் தோன்றுவது வாசனையை உணரும் பகுதியிலும், குடலோடு தொடர்புள்ள நரம்பு கிளம்பும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியிலும்தான் என்றார். டோபமின் நரம்பணுக்கள் இருக்கும் இடத்தை அவை எட்டுவது மூன்றாம் கட்டத்தில். எல்லா நோயாளிகளிடமும் இந்த வரிசை அப்படியே பொருந்துவதில்லை. சிலருக்குக் குடலில் தொடங்குகிறது, சிலருக்கு மூளையில் என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. இருந்தாலும், வாசனை இழப்பும் தீராத மலச்சிக்கலும் நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே வருவதற்கு இந்த வரைபடம் காரணம் சொன்னது.

மூன்றாவது தடயம் தூக்கம். கனவு காணும் கட்டத்தில் உடலின் தசைகள் செயலற்றுக் கிடப்பதே இயல்பு. அந்தப் பூட்டு கழன்றுவிட்டவர்கள் கனவில் வரும் சண்டையைக் கட்டிலிலேயே போடுவார்கள். பக்கத்தில் படுத்திருப்பவர் மேல் அடியும் உதையும் விழும். தூக்க ஆய்வகத்தில் இந்தக் கோளாறு உறுதிசெய்யப்பட்ட 1,280 பேரை 24 மையங்கள் பின்தொடர்ந்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டன. பன்னிரண்டு ஆண்டுகளில் அவர்களில் ஏறத்தாழ 73 விழுக்காட்டினருக்குப் பார்க்கின்சன் நோயோ அதன் உறவு நோய்களில் ஒன்றோ வரும் என்பது அந்தக் கணக்கு. நம் வீடுகளில் இது ‘தூக்கத்தில் உளறல்’ என்ற பெயரில் சிரித்து மறக்கப்படும் விஷயம்.

2023-இல் பெரிய அளவில் சரிபார்க்கப்பட்ட ஒரு சோதனை இந்தத் தடயங்களை ஒன்றாகக் கட்டியது. முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரில் தவறாக மடிந்த சைனுக்ளின் துளியளவு இருந்தாலும், அதைச் சோதனைக் குழாயில் நல்ல புரதத்தோடு சேர்த்து வளரவிட்டுக் காட்டிக்கொடுக்கும் முறை அது. 1,123 பேரிடம் நடந்த அந்த ஆய்வில் பார்க்கின்சன் நோயாளிகளில் 87.7 விழுக்காட்டினரை அது அடையாளம் கண்டது. வாசனை இழந்திருந்த நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 98.6 விழுக்காடு. மூக்கு சொன்னதற்கும் முதுகுத்தண்டு நீர் சொன்னதற்கும் அவ்வளவு பொருத்தம். தோலில் சிறு துணுக்கெடுத்துப் பார்க்கும் சோதனையும் 2024-இல் 90 விழுக்காட்டுக்கு மேல் சரியான முடிவு தந்தது.

வாசனைக்கு இன்னொரு பங்கும் உண்டு. ஸ்காட்லாந்தின் ஜாய் மில்ன் தன் கணவரின் உடல் மணம் மாறியதை அவருக்கு நோய் உறுதியாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உணர்ந்தவர். ஆய்வாளர்கள் அவரிடம் முகரக் கொடுத்த சட்டைகளில், நோயற்றவர் ஒருவரின் சட்டையையும் நோயாளியுடையது என்றார். சில மாதங்களில் அந்த மனிதருக்கும் நோய் உறுதியானது. தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையில் என்ன மாறுகிறது என்பதை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பெர்டிட்டா பாரன் குழு வேதியியல் முறையில் பிரித்துப் பார்த்து வருகிறது.

இவ்வளவு இருந்தும் வாசனை தெரியவில்லை என்று யாரும் பயந்து ஓட வேண்டியதில்லை. முதுமை, சைனஸ், கோவிட் என்று அதற்குக் காரணங்கள் பல. ஒற்றைத் தடயம் எதையும் நிரூபிப்பதில்லை. வாசனை இழப்பும் கனவில் உதைப்பதும் மலச்சிக்கலும் சேர்ந்தே இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது. தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நம் மூக்குக்குப் பழகிய வாசனைகளைக் கொண்டு ஒரு முகர்வுச் சோதனையை வகுத்து 2013-இல் அதைப் பற்றி எழுதினார்கள். அமெரிக்கச் சோதனையில் வரும் பல மணங்கள் இங்குள்ள மூதாட்டி வாழ்நாளில் முகர்ந்தே இராதவை என்பதால் அந்த முயற்சிக்குத் தேவை இருந்தது.

ஒரு விதை, ஒரு வேர்

கண்டறியும் முறைகள் புதியவை என்றால் மருந்து பழையது. இன்றும் பார்க்கின்சன் சிகிச்சையின் முதுகெலும்பு லெவோடோபா. அதன் கதையில் கொச்சிக்கும் சென்னைக்கும் இடமுண்டு.

டச்சுக்காரர்களின் மலபார்த் தளபதியாகக் கொச்சியில் இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற வைத்தியரின் அறிவையும் ரங்க பட், அப்பு பட், விநாயக பண்டிதர் என்ற கொங்கணி வைத்தியர்களின் உதவியையும் கொண்டு ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்’ நூலை உருவாக்கினார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அது வெளிவந்தது. எட்டாம் தொகுதியில் நாய்க்கொரணை என்ற கொடி படத்தோடு இடம்பெற்றிருக்கிறது. தமிழில் அது பூனைக்காலி. காய் முழுவதும் பொன்னிறச் சுணை. கை பட்டால் மணிக்கணக்கில் அரிக்கும். சுணையைத் தாண்டி உள்ளே போனால் வழவழப்பான விதைகள்.

அந்த விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937-இல் அறிவித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தின் தாமோதரனும் ராமசாமியும். அதே வேதிப்பொருள் 1913-இலேயே ஐரோப்பாவில் ஓர் அவரை இனத்திலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது. அது நடுக்கத்துக்கு மருந்தாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பார்க்கின்சனுக்கும் டோபமினுக்கும் உள்ள தொடர்பே வெளிவராத காலம்.

அந்தத் தொடர்பைக் காட்ட இன்னொரு இந்தியத் தாவரம் உதவியது. சர்ப்பகந்தா வேரிலிருந்து கிடைத்த ரெசர்பின், பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீலின் 1949-ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பின் உலகின் கவனத்தைப் பெற்ற ரத்த அழுத்த மருந்தின் சாரம். சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் 1957-இல் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். அவை காது மடிந்து அசையாமல் கிடந்தன. லெவோடோபாவை ஊசியில் ஏற்றியதும் சில நிமிடங்களில் எழுந்து நடமாடின. வேர் டோபமினைக் காலி செய்தது. விதையில் உள்ள பொருள் அதைத் திருப்பித் தந்தது. கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1960-இல் வியன்னாவில் ஹோர்னிகிவிச் குழு நோயாளிகளின் மூளையில் டோபமின் பற்றாக்குறையை அளந்து காட்டியது. 1967-இல் நியூயார்க்கில் ஜார்ஜ் கொட்சியாஸ் அதிக அளவில் வாய்வழி லெவோடோபா கொடுத்து நோயாளிகளை நடக்கவைத்தார்.

ஆயுர்வேதம் நடுக்க நோயான கம்பவாதத்துக்குப் பூனைக்காலியைப் பயன்படுத்தி வந்தது என்பதால், விதைப்பொடியே போதுமே என்ற கேள்வி கேரளத்தில் அடிக்கடி எழும். ஆய்வுகள் இங்கே நேர்மையான, கலவையான விடை தருகின்றன. திருவனந்தபுரத்தில் 18 நோயாளிகளுக்குப் பாலில் காய்ச்சிய பூனைக்காலி, அமுக்கரா முதலியவை அடங்கிய கஷாயம் கொடுக்கப்பட்ட ஆய்வு 2000-இல் வெளியானது. சோதனை செய்தபோது ஒரு வேளை மருந்தில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் லெவோடோபா இருந்தது. பலன் கிடைத்ததற்கான காரணமும் அதுவே. 2004-இல் லண்டனில் எட்டு நோயாளிகளிடம் நடந்த ஒப்பீட்டில் 30 கிராம் விதைப்பொடி, மாத்திரையைவிட வேகமாக வேலை செய்தது. அதன் பலன் சராசரி 37 நிமிடம் கூடுதலாக நீடித்தது. பொலிவியாவில் 14 பேருக்குத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தபோது ஏழு பேர் பாதியில் நிறுத்திவிட்டார்கள். நால்வருக்கு வயிற்றுக் கோளாறு, மூவருக்கு நடமாட்டம் மோசமானது. விதைக்கு விதை லெவோடோபாவின் அளவு மாறுவதும் சிக்கல். கடைப்பொடியை மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பவர், தனக்கே தெரியாமல் ஒரே மருந்தை இரட்டை அளவில் சாப்பிடுகிறார்.

மாத்திரைக்கும் அதன் ஒழுங்கு உண்டு. உணவிலுள்ள புரதம் குடலிலும் மூளையின் வாசலிலும் லெவோடோபாவோடு போட்டி போடும். காலையில் புட்டும் கடலையும் சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால் அது வேலை செய்யாதது போலத் தோன்றும். உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போட்டால் அதே மாத்திரை பலன் தரும். நோய் முற்ற முற்ற மாத்திரையின் வீரியம் தங்கும் நேரம் குறையும். வேளை தவறினால் உடல் உறையும். பல குடும்பங்களில் ‘மருந்து கேட்கவில்லை’ என்ற புகாருக்குப் பின்னால் இருப்பது நேரக் கணக்குதான்.

மாத்திரையால் சமாளிக்க முடியாதபோது அறுவைச் சிகிச்சை வருகிறது. பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், டி.எஸ். கனகா ஆகியோர் சென்னையில் 1960-களிலிருந்தே மூளைக்குள் குறிபார்த்துச் செய்யும் அறுவைகளில் இந்தியாவின் முன்னோடிகள். பிரான்சில் அலீம் லூயி பெனாபிட் 1987-இல் தொடங்கிய மின்தூண்டல் முறை இன்று கொச்சியின் பெரிய மருத்துவமனைகளிலும் நடக்கிறது. மூளையின் சமிக்ஞையைப் படித்துத் தானாகவே மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிக்கு 2025-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. லெவோடோபாவுக்கு நல்ல பலன் காட்டி, பிறகு ஏற்ற இறக்கங்களால் அவதிப்படுபவர்களுக்கு இது உதவும். செலவு பல லட்ச ரூபாய் என்பதால் பெரும்பாலான வீடுகளில் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

நிறுத்தும் மருந்து எங்கே?

மேலே சொன்ன எதுவும் நரம்பணுக்கள் அழிவதை நிறுத்துவதில்லை. அப்படி நிறுத்தும் என்று நம்பிய மருந்துகளின் பட்டியல் நீளமானது, முடிவுகள் ஏமாற்றமானவை. கோஎன்சைம் கியூ10, ஐனோசின், இஸ்ராடிபின் எல்லாம் பெரிய சோதனைகளில் தோற்றன. சைனுக்ளினைக் குறிவைத்த எதிர்ப்புரதங்களில் சின்பனெமாப் 2021-இல் கைவிடப்பட்டது. பிரசினெசுமாப் தன் முதன்மை இலக்கை இருமுறை தவறவிட்டது. ஆனாலும் சில அறிகுறிகள் நம்பிக்கை தருவதாகச் சொல்லி நிறுவனம் மூன்றாம் கட்டத்துக்குப் போகிறது.

நீரிழிவு மருந்துகளின் அனுபவம் இன்னும் பாடமானது. பிரான்சில் 156 பேரிடம் நடந்த சோதனையில் லிக்சிசெனடைட் ஓராண்டில் நோயின் வேகத்தைச் சற்றுக் குறைத்ததாக 2024 ஏப்ரலில் செய்தி வந்தது. மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் குமட்டல். அதே குடும்பத்தைச் சேர்ந்த எக்செனடைட், பிரிட்டனில் 194 பேரிடம் 96 வாரம் சோதிக்கப்பட்டு 2025-இல் பலனில்லை என்று முடிந்தது. ஒரு சோதனையின் தலைப்புச் செய்தியை மட்டும் வைத்து மருந்துக் கடைக்குப் போகக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

செல் சிகிச்சையில் உண்மையான முன்னேற்றம் தெரிகிறது. 2025 ஏப்ரலில் ஒரே நேரத்தில் இரண்டு ஆய்வுகள் வெளியாயின: கியோட்டோவில் ஏழு நோயாளிகள், வட அமெரிக்காவில் 12 நோயாளிகள். ஆய்வகத்தில் வளர்த்த டோபமின் நரம்பணுக்கள் மூளைக்குள் உயிரோடு தங்கின; கட்டி எதுவும் வரவில்லை. இவை பாதுகாப்பைச் சோதித்த ஆய்வுகள். பலனை நிறுவ இன்னும் பெரிய சோதனைகள் வேண்டும். இந்தச் செய்தியைக் காட்டியே ஸ்டெம் செல் ஊசி விற்பவர்களும் கிளம்பிவிடுவார்கள். ரத்த நோய்கள் சிலவற்றைத் தவிர வேறெதற்கும் ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்கக்கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல். பணம் வாங்கிக்கொண்டு நடப்பது ஆய்வல்ல.

மரபும் மருந்தடிப்பும்

யாருக்கு ஏன் வருகிறது என்ற கேள்வியில்தான் இந்தியா அதிகம் பங்களிக்க முடியும். மும்பை பார்சி குடியிருப்புகளில் 1980-களில் நடந்த கணக்கெடுப்பு ஒரு லட்சத்துக்கு 328 பார்க்கின்சன் நோயாளிகள் என்றது. பெங்களூரு வட்டாரத்தில் 2004-இல் வெளியான கணக்கு 33. பத்து மடங்கு வித்தியாசத்தில் பெரும்பங்கு வயதுக்குரியது. பார்சிகளில் முதியோர் விகிதம் மிக அதிகம். முதுமை கூடும் கேரளம் எந்த எண்ணை நோக்கி நகரும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

மரபணுக்களில் மேற்கத்தியக் கணக்கு இங்கே பொருந்துவதில்லை. அஷ்கெனாசி யூதர்களிடமும் வட ஆப்பிரிக்க அரேபியரிடமும் அதிகம் காணப்படும் எல்ஆர்ஆர்கே2 மரபணுவின் ஜி2019எஸ் மாற்றம் இந்திய நோயாளிகளிடம் மிக அரிது. 2023-இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரை முதன்முறையாகப் பெரிய அளவில் ஆராய்ந்தபோது, ஐரோப்பியரிடம் காணாத புதிய ஜிபிஏ1 மாற்றம் ஒன்று கிடைத்தது. தேடாத இடத்தில் எதுவும் கிடைக்காது. அந்த எண்ணத்தில்தான் இந்தியாவில் 10,000 நோயாளிகளையும் 10,000 நோயற்றவர்களையும் சேர்த்து மரபணுக்களைப் படிக்கும் கூட்டுத் திட்டம் அமைந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இயக்கக் கோளாறுகளுக்கான மையத்தை வளர்த்தெடுத்து, பின்னர் கொச்சியில் பணிபுரியும் ஆஷா கிஷோர் அதன் முன்னணியாளர்களில் ஒருவர்.

சூழலின் பங்கு 1982-இல் கலிபோர்னியாவில் திடுக்கிடும் வகையில் வெளிப்பட்டது. கள்ளத்தனமாகத் தயாரித்த போதை மருந்தில் எம்பிடிபி என்ற மாசு கலந்திருந்தது; அதை ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் சில நாட்களில் முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளைப்போல உறைந்தார்கள். வில்லியம் லாங்ஸ்டன் அதைக் கண்டறிந்தார். உடலுக்குள் அந்த மாசு மாறும் வடிவம் களைக்கொல்லி பாராகுவாட்டை ஒத்திருந்தது. அங்கிருந்து பூச்சிமருந்துகள் மேல் பார்வை திரும்பியது. 2000-இல் ரோட்டனோன் எலிகளில் இதேபோன்ற சிதைவை உண்டாக்கியது. அமெரிக்கப் படைத்தளம் ஒன்றில் டிரைக்ளோரோஎத்திலீன் கலந்த நீரைக் குடித்த வீரர்களுக்கு 70 விழுக்காடு கூடுதல் அபாயம் என்று 2023-இல் ஓர் ஆய்வு காட்டியது.

கேரளம் 2011-இல் தடைசெய்த பூச்சிமருந்துகளில் பாராகுவாட்டும் உண்டு. நாடு தழுவிய தடை இல்லை. மட்டாஞ்சேரிக்கு வரும் ஏலக்காய் விளையும் இடுக்கி மலையில் மருந்தடிப்பு மிக அதிகம். அங்கே காயெடுக்க தேனி மாவட்டத்திலிருந்து ஜீப்பில் ஏறிப்போகும் தமிழ்ப் பெண்கள் ஏராளம். வாசனைச் சரக்கின் தரத்தை அளக்க நம்மிடம் ஆய்வகங்கள் உண்டு. அந்தச் சரக்கைத் தொட்டு வேலைசெய்பவர்களின் முகர்வையும் நடையையும் இருபது ஆண்டுகள் தொடர்ந்து அளக்கும் ஆய்வும் அதே அக்கறையோடு நடக்க வேண்டும்.

மறதியின் கணக்கு

நரம்புச் சிதைவு நோய்களில் எண்ணிக்கையில் பெரியது டிமென்ஷியா என்ற மறதிநோய். இதில் எர்ணாகுளம் மாவட்டத்துக்குத் தனி வரலாறு உண்டு. 1996-இல் மாவட்டத்தின் கிராமம் ஒன்றில் வீடுவீடாக நடந்த ஆய்வு 60 வயதைக் கடந்தவர்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 34 பேருக்கு மறதிநோய் என்றது. கொச்சி நகரத்தில் 65 வயதைக் கடந்த 1,934 பேரைச் சோதித்த ஆய்வு 2005-இல் ஆயிரத்துக்கு 33.6 என்றது. எண்கள் நெருக்கம், உள்ளடக்கம் வேறு. கிராமத்தில் ரத்தக்குழாய் அடைப்பால் வரும் மறதி முன்னிலை. நகரத்தில் 54 விழுக்காடு ஆல்சைமர். நாடு முழுவதும் புதிய முறையில் கணக்கிட்டு 2023-இல் வெளியான ஆய்வோ 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காடு, அதாவது 88 லட்சம் பேர் என்றது. இரு மடங்கு உயர்வுக்கு நோய் கூடியது மட்டும் காரணமாகாது. கேள்விகள் நுட்பமானதும் ஒரு காரணம்.

கேள்விகள் எந்த மொழியில் என்பதும் அதில் அடங்கும். ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் மதுரநாத் மலையாளத்தில் நினைவுச் சோதனையை வடித்துக் கொடுத்தவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தொகுப்பு முதலில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்ற ஐந்து மொழிகளில் சரிபார்க்கப்பட்டது. மட்டாஞ்சேரியிலும் போர்ட் கொச்சியிலும் கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் வீட்டு மொழியாக உள்ள முதியவர்கள் உண்டு. வெளி டோபிகானாவின் தமிழ்ச் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே இருக்கின்றன. கடையில் மலையாளமும் வீட்டில் தமிழும் பேசிய பாட்டியை மலையாளத்தில் மட்டும் சோதித்தால், தடுமாறியது நினைவா மொழியா என்று பிரிக்க முடியாது.

அதே பன்மொழிக்கு ஒரு நற்பயனும் உண்டு. ஹைதராபாத்தில் 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்த சுவர்ணா அல்லாடி, இருமொழி பேசுபவர்களுக்கு நோய் சராசரி நாலரை ஆண்டு தாமதமாக வருவதை 2013-இல் காட்டினார். படிப்பறியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது. பிற்கால ஆய்வுகள் எல்லாம் இதை உறுதிசெய்யவில்லை என்றாலும், பள்ளிப்படிப்பு மட்டுமே மூளைக்குக் காப்பு என்ற எண்ணத்தை அது அசைத்தது.

ஆல்சைமரில் மருந்து ஒரு படி முன்னே நிற்கிறது. 1,795 பேரிடம் சோதிக்கப்பட்ட லெகானெமாப் 18 மாதங்களில் சரிவின் வேகத்தை 27 விழுக்காடு குறைத்தது. 18 புள்ளி அளவுகோலில் அது அரைப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசம். மூளை வீக்கம், நுண்ணிய ரத்தக்கசிவு என்ற பக்கவிளைவுகள் உண்டு. அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். டௌ புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்க அனுமதி கிடைத்தது. மறுபக்கம், லான்செட் ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட 14 காரணங்களைச் சரிசெய்தால் 45 விழுக்காடு மறதிநோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை என்று எல்லாமே கேரளத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எட்டும் விஷயங்கள்.

சென்னையின் பெயர் தாங்கிய நோய்

தசைகள் சூம்பிப்போகும் மோட்டார் நியூரான் நோய் பொதுவாக நடுவயதுக்குப் பின் வந்து சில ஆண்டுகளில் உயிரைக் குடிப்பது. 1970-இல் மீனாட்சிசுந்தரம், ஜெகநாதன், ராமமூர்த்தி மூவரும் சென்னையில் இளம்வயதினரிடம் கண்ட ஒரு வடிவம் வேறாக இருந்தது: கைகால் மெலிவு, முகத்தசைத் தளர்ச்சி, அதோடு காது கேளாமை, போக்கு மட்டும் மெதுவானது. உலக நரம்பியல் நூல்களில் அது இன்றும் ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்’. நடையைத் தடுமாறச் செய்யும் சிறுமூளைச் சிதைவின் ஒரு பரம்பரை வகை, தமிழ்ச் சமூகம் ஒன்றில் மிக அதிகமாக இருப்பதை 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. மோட்டார் நியூரான் நோயின் ஒரு மரபு வகைக்கு 2023-இல் டோபெர்சென் என்ற, மரபணுவைக் குறிவைக்கும் மருந்து வந்துவிட்டது. இத்தகைய மருந்துகள் மரபணு அடையாளம் தெரிந்தவர்களுக்கே பயன்படும். உறவுக்குள் திருமணம் வழக்கமான தென்னிந்தியாவில் அந்த அடையாளத்தைத் தேடுவதும், வெட்கம் பாராமல் ஆலோசனை தருவதும் அவசரத் தேவை.

இடைவெளியில் வாழ்வது

கேரளத்தில் பராமரிப்பின் அடித்தளம் வெறுமையானதல்ல. மருத்துவர் கே. ஜேக்கப் ராய் 1992-இல் தொடங்கிய ஆல்சைமர் சங்கம் நாடு முழுவதும் கிளை பரப்பியது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் மையம் ‘பிரஜ்ஞா’, ‘உத்போத்’ என்ற முயற்சிகள் மூலம் மறதி நோயாளிகளுக்கு இணக்கமான ஊர் என்ற எண்ணத்தைப் பள்ளிகளுக்கும் காவலர்களுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் கொண்டுபோனது. நகரங்களில் 65 வயதைக் கடந்தவர்களுக்கு ‘வயோமித்ரம்’ நடமாடும் மருத்துவமனை இலவச மருந்து தருகிறது. வீட்டுக்கே வரும் வலிதணிப்புச் சிகிச்சைக் குழுக்கள் இந்த மாநிலத்தின் பெருமை.

இவற்றில் பார்க்கின்சனுக்கான பங்கு குறைவு. அதைச் சரிசெய்யப் புதிய மருந்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. லெவோடோபா அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. தாலுகா மருத்துவமனையில் அது தீராமல் இருப்பதை உறுதிசெய்வது முதல் வேலை. வயோமித்ரம் வண்டியில் வரும் செவிலியர் சர்க்கரை பார்க்கும்போதே வாசனை, தூக்கம், மலச்சிக்கல், நடை என்று நான்கு கேள்விகளை, அவரவர் வீட்டு மொழியில், கேட்டுக் குறித்துக்கொள்வது இரண்டாவது. உடற்பயிற்சி மூன்றாவது. 2018, 2019 ஆண்டுகளில் வெளியான சோதனைகளில், மூச்சு வாங்கும் அளவுக்கு டிரெட்மில்லிலும் சைக்கிளிலும் பயிற்சி செய்தவர்களுக்கு இயக்கக் கோளாறு மெதுவாகவே கூடியது. இதற்கு இணையான சான்று இன்று எந்த ஊசிக்கும் இல்லை. நான்காவது, பராமரிப்பவர். பெரும்பாலும் மனைவி, மருமகள், அல்லது வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பும் பணத்தில் அமர்த்தப்பட்ட ஹோம் நர்ஸ். அவருக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு கிடைக்கப் பகல் பராமரிப்பு மையங்களைப் பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் திறக்க வேண்டும்.

முன்கூட்டியே கண்டறியும் சோதனைகளைப் பொதுமக்களிடம் கொண்டுபோவது பற்றி ஒரு எச்சரிக்கை அவசியம். பத்தாண்டுகள் கழித்து வரக்கூடிய, தடுக்க மருந்தில்லாத ஒரு நோயை இன்றே ஒருவரிடம் சொல்வது உதவியா சுமையா என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். பரிசோதனைக் கூடங்கள் ‘முழு உடல் பேக்கேஜில்’ இதையும் சேர்த்து விற்கத் தொடங்கினால் கிடைப்பது பயம் மட்டுமே. ஆய்வில் சேர்பவர்களுக்கோ இதே சோதனை அர்த்தமுள்ளது. நோயின் தொடக்கத்தில் மருந்தைச் சோதித்தால்தான் அது பலன் தருகிறதா என்று தெரியும். இதுவரையிலான தோல்விகளுக்கு ஒரு காரணம், பாதி நரம்பணுக்கள் போன பிறகு மருந்து கொடுக்கத் தொடங்கியது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அடுத்த பத்தாண்டுகளில் அந்தத் தொடக்க நிலைச் சோதனைகள் உலகெங்கும் நடக்கும். அப்போது இந்திய நோயாளிகள் அவற்றில் இடம்பெறுவார்களா, வேறு யாருக்கோ பொருந்திய மருந்தை விலை கொடுத்து வாங்குபவர்களாகவே இருப்பார்களா என்பது இன்று நாம் சேர்க்கும் பதிவேடுகளைப் பொறுத்தது. மரபணுப் பதிவு, ஊர்வாரியான நீண்டகால ஆய்வு, நம் மொழிகளில் சரிபார்த்த சோதனைகள் மூன்றுக்கும் ஆகும் செலவு ஒரு புதிய மருந்தைக் கண்டுபிடிப்பதற்கு ஆகும் செலவில் சிறு பங்கு. முதுமையில் நாட்டுக்கு முன்னால் போகும் கேரளம் இதிலும் முன்னால் போக வேண்டும்; தமிழ்நாடு அதைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் கூடவே நடக்க வேண்டும்.